ஐவி இலைகளைப் பாடம் செய்யும் முறை

ஐரோப்பாவின் குளிர்காலத்தில், பெரும்பாலான செடிகளும் மரங்களும் இலையுதிர்த்து நிற்கும் நாட்களிலும், மதில்களிலும் அடிமரங்களிலும் பசுமை மாறாமல் படர்ந்திருக்கும் கொடி ஐவி. பூக்களையும் இலைகளையும் அழுத்தி உலர்த்திப் படங்களும் வாழ்த்து அட்டைகளும் செய்பவர்களுக்கு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிப்பதற்கு வேறு எதுவும் எளிதில் அகப்படாத காலத்தில் கைகொடுப்பது இதுதான். ஆயினும் இந்தக் கலையைப் புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் ஐவியை ஓரிரு முறை முயன்று பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். பான்சி மலரும் பெரணி இலையும் ஒழுங்காக உலர்ந்த அதே புத்தகத்தில், ஐவி இலை திட்டுத்திட்டாகப் பழுப்பேறியோ ஓரம் சுருங்கியோ வெளிவருவதே அதற்குக் காரணம். மெல்லிய இதழுக்கு உரிய பக்குவத்தைத் தடித்த இலைக்கும் பயன்படுத்துவதால் நேர்வது இது. ஐவிக்கு உரிய முறை வேறு. அது கடினமானதும் அன்று.

ஐவியின் இலை தோல் போன்ற தடிப்புடையது. அதன் மேற்பரப்பை மூடியிருக்கும் மெழுகுப் படலம், உறைபனியிலும் வறண்ட காற்றிலும் இலை தன் நீரை இழந்துவிடாதபடி காக்கிறது. இலைத்துளைகள் அடிப்புறத்தில் மட்டுமே இருக்கின்றன; கொடியிலிருந்து பிரிந்து வாடத் தொடங்கியதும் அவையும் மூடிக்கொள்கின்றன. ஆகவே புத்தகத்தின் இரு தாள்களுக்கிடையே வைக்கப்பட்ட ஐவி இலை, பல நாட்கள் ஈரத்தை உள்ளே அடைத்து வைத்துக்கொண்டு மெதுவாக மடிகிறது. அந்த இடைவேளையில் இலையின் நொதிகள் அதிலுள்ள பீனால் சேர்மங்களோடு வினைபுரிந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகின்றன. பச்சையம் தன் மக்னீசியத்தை இழந்து மங்கிய ஆலிவ் நிறத்துக்கு மாறுகிறது. பின்வரும் குறிப்புகள் அனைத்தும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைகின்றன: செய்ய விரும்பும் பொருளுக்கு ஏற்ற வயதுடைய இலை எது, அதனுள் இருக்கும் நீரை எவ்வளவு விரைவாக வெளியேற்றலாம்.

ஒரே கொடியில் இருவகை இலைகள்

ஐவியை நன்கு பழகியவர்கள் முதலில் கவனிப்பது அதன் பருவத்தை. தரையிலும் நிழலிலும் படர்ந்து, தண்டிலிருந்து முளைக்கும் சிறு பற்றுவேர்களால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறும் பகுதி இளம் பருவத்தது. அதன் இலைகள் மூன்று அல்லது ஐந்து மடல்களோடு, நடுவில் வெளிறிய நரம்புகள் தெளிவாகத் தெரியும்படி அமைந்திருக்கும். ஐவி என்றதும் நம் மனத்தில் தோன்றும் வடிவம் அதுவே. கொடி உயரே ஏறி நல்ல வெயிலை எட்டியபின் புதர்போல் கிளைத்துப் பூக்கும் பருவத்தை அடைகிறது. அங்கே இலைகளில் மடல்கள் இல்லை. அவை முட்டை வடிவிலோ சாய்சதுர வடிவிலோ நுனி கூர்ந்து, இன்னும் தடித்துப் பளபளப்பாக இருக்கும். தண்டில் பற்றுவேர்களும் இருக்காது.

அழுத்தி உலர்த்தும் வேலைக்கு இளம் பருவ இலைகளே ஏற்றவை. அவை ஒப்பீட்டளவில் மெல்லியவை. வடிவ அழகும் அவற்றுக்கே உண்டு. முதிர்பருவ இலைகள் அழுத்துவதற்குப் பிடிவாதம் காட்டும் என்றாலும், கிளிசரினில் ஊறவைத்துப் பதப்படுத்துவதற்கு அவற்றைவிடச் சிறந்தவை இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொண்டாலே வேலையில் பாதி செம்மையாகிவிடும்.

இளம் பருவப் பகுதியிலும் எல்லா இலைகளும் ஒன்றல்ல. வசந்தத்தில் துளிர்த்த வெளிர்பச்சைத் தளிர்கள் நீர்ச்சத்து மிகுந்தவை. உலரும்போது சுருங்கிக் கறுத்துவிடும். ஈராண்டு பழகிய இலைகளோ தடித்து, தூசும் பூஞ்சைப் புள்ளிகளும் ஏறி நிற்கும். அந்த ஆண்டில் துளிர்த்து முழு அளவுக்கு விரிந்து, கோடையின் இறுதிக்குள் உறுதிப்பட்ட இலையே நமக்கு வேண்டியது. இலையின் ஒரு மடலை இரு விரல்களுக்கிடையே மெதுவாக வளைத்துப் பார்த்தால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்: தளிர் வளைந்தபடியே தொங்கும், கிழட்டு இலை மடிப்பில் வெள்ளைக் கோடு விழ ஒடியும், ஏற்ற இலை வளைந்து உடனே பழைய நிலைக்குத் திரும்பும்.

தோட்டங்களில் வளர்க்கப்படும் வகைகளுள் சில இந்தக் கலைக்காகவே பிறந்தவை என்று சொல்லத் தோன்றும். 'கிளேசியர்' வகையின் சாம்பல் கலந்த பச்சையும் வெண்ணிற ஓரமும் உலர்ந்தபின் இளம்பச்சையும் தந்த நிறமுமாக நிலைக்கின்றன. வெண்பகுதியில் பச்சையம் இல்லாததால் அங்கே நிறம் கெடுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. 'கோல்டுஹார்ட்' எனப் பழைய பெயரால் அறியப்படும் வகையில் இலையின் நடுவே மஞ்சள் திட்டு இருக்கும். 'பெடாட்டா' என்னும் வகை பறவையின் காலடிபோல் ஒடுங்கிய மடல்களைக் கொண்டது. சிறிய அட்டைகளில் கோடுபோல் ஓடவிடுவதற்கு அதற்கு நிகரில்லை. 'பார்ஸ்லி கிரெஸ்டெட்' போல ஓரம் சுருண்டு அலையலையாக இருக்கும் வகைகளை அழுத்த வேண்டாம். அவற்றின் அழகு அந்தச் சுருளில் இருக்கிறது, தட்டையாக்கினால் அது மடிப்பும் கிழிசலுமாகவே மிஞ்சும். குளிர் கடுமையாகும்போது சில வகைகளின் இலைகள் ஆந்தோசயனின் நிறமியால் செம்பு கலந்த ஊதா நிறமடைகின்றன. பச்சையைவிட அந்த நிறம் உலர்ந்தபின்னும் நன்றாகத் தங்குகிறது என்பதால், ஜனவரியில் நிறம் மாறிய இலைகளை நான் தனியாகச் சேகரித்து வைப்பதுண்டு.

இந்தியாவில் இருப்பவர்களுக்கும் ஐவி முற்றிலும் அந்நியமன்று. இமயமலைச் சரிவுகளில் நேபாள ஐவி என்னும் உறவினம் இயற்கையாகவே வளர்கிறது; ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களின் தோட்டங்களில் ஆங்கில ஐவி அலங்காரக் கொடியாக வளர்க்கப்படுகிறது. சமவெளியில் மதில்களை மூடி வளரும் சிற்றிலைக் கொடி பெரும்பாலும் அத்தி இனத்தைச் சேர்ந்தது. அதையும் அழுத்தலாம், ஆனால் கீழே சொல்லப்படும் கால அளவுகள் அதற்குப் பொருந்தா.

தொடுவதற்கு முன்

ஐவியின் சாற்றில் உள்ள பால்கரினால் என்னும் பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் ஏற்படுத்தும். மீண்டும் மீண்டும் தொடத் தொட ஒவ்வாமை கூடவும் செய்யும். கொடியை வெட்டும்போதும் காம்புகளை நறுக்கும்போதும் கையுறை அணிவது நல்லது. இலைகளிலும் கரிய கனிகளிலும் சபோனின்கள் இருப்பதால் அவற்றை உண்பது நஞ்சாகும். சிறு குழந்தைகளும் பூனை, நாய்களும் நடமாடும் வீட்டில் கனிக்கொத்துகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். உலர்ந்த இலையாயினும் கேக்கின் மேலோ உணவுத் தட்டிலோ அலங்காரமாக வைக்கவும் கூடாது.

வட அமெரிக்காவில் வாழும் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. அங்கே, ஒன்டாரியோ உட்படப் பல பகுதிகளில், விஷ ஐவி என்னும் செடி சாலையோரங்களிலும் காட்டோரங்களிலும் வளர்கிறது. அது ஐவிக்கு உறவன்று. மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகளாக அமைந்து, இலையுதிர்காலத்தில் கண்ணைப் பறிக்கும் சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பே பறிக்கத் தூண்டும். அதிலுள்ள உருஷியால் என்னும் எண்ணெய் இலை உலர்ந்தபின்னும் வீரியம் குறையாமல் நீடிப்பதால், பாடம் செய்து வைத்த இலையைப் பல மாதங்கள் கழித்துத் தொட்டாலும் தோல் வெந்ததுபோல் ஆகும். மூன்று சிற்றிலைகள் உள்ள எதையும் ஐயமறத் தெரியாமல் தொடக்கூடாது. அதே காலத்தில் சிவக்கும் பாஸ்டன் ஐவி வேறொன்று. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த அதன் இலைகள் மெல்லியவையாதலால் சாதாரணப் புத்தகத்திலேயே அருமையாக உலரும். ஆனால் அதன் இளங்கொடியிலும் மூன்று சிற்றிலைகள் தோன்றுவதுண்டு என்பதால், மூன்று மடல்களாக ஒன்றிணைந்த பெரிய இலைகளை மட்டும், அதுவும் சுவரில் படர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு எடுப்பது பாதுகாப்பு.

எப்போது பறிப்பது என்பதிலும் பொறுப்பு இருக்கிறது. ஐவி செப்டம்பர் முதல் நவம்பர் வரை, மற்றப் பூக்கள் ஓய்ந்தபின் பூக்கிறது. அந்த எளிய மஞ்சள்பச்சைப் பூங்கொத்துகள் தேனீக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் குளிருக்கு முந்திய கடைசி விருந்து. பிரிட்டனில் 2001ஆம் ஆண்டில் டார்செட் பகுதியில் முதன்முதலாகப் பதிவான ஐவித் தேனீ, தன் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் இந்தப் பூவின் மகரந்தத்தையே சேர்க்கிறது. குளிர்காலத்தின் பின்பகுதியில் கனிகள் பழுக்கும்போது கரும்பறவைகளும் காட்டுப்புறாக்களும் அவற்றை நம்பி வருகின்றன. எனவே முதிர்பருவ இலைகள் வேண்டுமானால், பூத்த கிளையை முறிக்காமல் இலைகளை மட்டும் ஆங்காங்கே கிள்ளி எடுங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அடர்ந்த புதருக்குள் கூடுகள் இருக்கக்கூடும் என்பதால் கையை உள்ளே நுழைக்காதீர்கள். அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஐவி காட்டுத் தாவரங்களை அமுக்கிவிடும் ஆக்கிரமிப்புக் கொடி. ஒரிகன் மாநிலம் அதன் விற்பனையையே தடை செய்திருக்கிறது. அங்குள்ளவர்கள் உரிமையாளரின் அனுமதியோடு தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய தண்டுகளை மட்டும் மண்ணில் எறியாமல் அப்புறப்படுத்த வேண்டும், ஏனெனில் அவை எளிதில் வேர்பிடிக்கும்.

அழுத்தி உலர்த்துதல்

மழையில்லாத நாளில், பனி முற்றும் காய்ந்த நண்பகலில் பறித்து, ஈரத்துணியால் தூசைத் துடைத்து, இலையின் மேல் நீர்ப்பசையே இல்லாதபடி ஒற்றியெடுத்தபின் வேலையைத் தொடங்கலாம். பறித்த அன்றே அழுத்திவிடுவது நல்லது. வாடிய இலையின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருளத் தொடங்கிவிடும்.

காம்பு இலையோடு சேரும் இடத்தில் ஐவிக்கு ஒரு முடிச்சுபோன்ற தடிப்பு இருக்கிறது. மூன்று அல்லது ஐந்து நரம்புகள் அங்கிருந்தே பிரிகின்றன. இந்த இடம் தடித்திருப்பதால், அதைச் சுற்றியுள்ள மெல்லிய பகுதியின்மேல் தாள் படியாமல் போகிறது. அழுத்தம் கிடைக்காத அந்த வளையத்தில்தான் சுருக்கங்கள் விழுகின்றன. காம்பை ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் விட்டு நறுக்கிவிட்டு, இலையைக் கவிழ்த்து வைத்து, அடிப்புறத்தில் புடைத்திருக்கும் நரம்புகளை மிக நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தால் இருவகைப் பயன் உண்டு: தடிப்பு குறைந்து இலை தட்டையாகப் படியும், தேய்த்த இடத்தின் வழியே ஈரமும் விரைந்து வெளியேறும். மேற்புறத்தை எக்காரணம் கொண்டும் தேய்க்கக் கூடாது. பளபளப்பு அங்கேதான் இருக்கிறது. காம்பு வேண்டுமானால் அதைத் தனியே நீளவாக்கில் பிளந்து உலர்த்தி, படத்தில் ஒட்டும்போது இணைத்துக்கொள்ளலாம்.

அழுத்துவதற்கு இரண்டு பிளைவுட் பலகைகளை நான்கு மூலைகளிலும் போல்ட்டும் கையால் திருகும் விங் நட்டும் போட்டு இறுக்கும் அச்சு மிகவும் வசதியானது. புத்தகத்தைப்போல் அல்லாமல் அதன் இறுக்கத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போகலாம். அடியில் நெளி அட்டை, அதன்மேல் சில மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் ஒற்றுத்தாள், பிறகு இலைகள், மீண்டும் ஒற்றுத்தாள், செய்தித்தாள், நெளி அட்டை என்று அடுக்க வேண்டும். நெளி அட்டையின் குழல்கள் வழியே காற்று ஊடுருவுவதால் நடு அடுக்குகளும் உலரும். ஒரே அடுக்கில் ஒரே தடிப்புள்ள இலைகளை மட்டும் வையுங்கள். ஐவியோடு பூவிதழையும் சேர்த்து வைத்தால் இலைதான் முழு அழுத்தத்தையும் தாங்கும், இதழ் சுருங்கிப்போகும்.

ஐவியைப் பொறுத்தவரை வெற்றியைத் தீர்மானிப்பது முதல் நான்கு நாட்கள். இந்நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒற்றுத்தாளையும் செய்தித்தாளையும் மாற்ற வேண்டும். எடுத்த தாள்களை அடுப்பின் அருகிலோ வெயிலிலோ காயவைத்து மறுநாள் பயன்படுத்தலாம். இலைகளை ஈரத்தாளிலேயே விட்டுவைத்தால் வெளியேறிய நீர் இலையைச் சுற்றியே நிற்கும், பழுப்பும் பூஞ்சையும் அங்கிருந்து தொடங்கும். அதன்பின் இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் இலை உலர்ந்துவிடும். தடித்த வகைகளுக்கு நான்கு வாரமும் ஆகலாம். உலர்ந்ததா என்று பார்க்க, உலர்தாவரத் தொகுப்புகளில் பணிபுரிவோர் பயன்படுத்தும் எளிய சோதனை ஒன்று உண்டு: புறங்கையிலோ கன்னத்திலோ இலையை வைத்துப் பார்த்தால், சற்றுக் குளிர்ச்சி தட்டினால்கூட உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். முற்றும் உலர்ந்த இலை அறையின் வெப்பத்திலேயே இருக்கும்; ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் தொய்யாமல் விறைத்து நிற்கும்.

நிறம் முக்கியம் என்று கருதுபவர்கள் அழுத்துவதற்கு முன் வெப்பத்தைப் பயன்படுத்த வேண்டும். பழுப்பாக்கும் நொதிகள் வெப்பத்தில் செயலிழந்துவிடுவதால், தொடக்கத்தில் சிறிது நேரம் சூடாக்கி, மிச்ச ஈரத்தை அச்சில் வெளியேற்றினால் பச்சை நிறம் வியக்கத்தக்க அளவுக்குத் தங்குகிறது. இஸ்திரிப் பெட்டியை நீராவி இல்லாமல் குறைந்த சூட்டில் வைத்து, இரண்டு வெள்ளைத்தாள்களுக்கிடையே இலையை வைத்து, தேய்க்காமல் மேலிருந்து பத்துப் பதினைந்து வினாடி அழுத்தி, எடுத்து, தாளைத் திறந்து ஆவி வெளியேறவிட்டு, மீண்டும் அழுத்த வேண்டும். இலை துவண்டு, பிறகு சற்றே விறைக்கத் தொடங்கும் வரை இதைத் தொடர்ந்தபின் அச்சுக்கு மாற்றுங்கள். மைக்ரோவேவ் அடுப்பிலும் இதைச் செய்யலாம்: இரண்டு பீங்கான் ஓடுகளுக்கிடையே ஒற்றுத்தாளில் இலையை வைத்து, ரப்பர் பட்டையால் இறுக்கி, பாதிக்கும் குறைந்த திறனில் முப்பது வினாடி வீதம், ஒவ்வொரு முறையும் திறந்து ஆறவிட்டுச் சூடாக்க வேண்டும். உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. முழுத் திறனில் வைத்தால் மெழுகுப் படலத்துக்குக் கீழே ஆவி அடைபட்டு இலை கொப்புளமாக உப்பிவிடும். ஐவிக்கே உரிய இடர் இது. இரண்டு வழிகளில் இஸ்திரிப் பெட்டியையே நான் விரும்புகிறேன், ஏனெனில் இலையில் நிகழும் மாற்றத்தை ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணால் பார்க்க முடிகிறது.

கொடியாகவே அழுத்த விரும்பினால், நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். பற்றுவேர்களைச் சுரண்டி நீக்கி, தண்டின் அடிப்புறத்தை நீளவாக்கில் சீவி, ஒன்றன்மேல் ஒன்று விழும் இலைகளுள் சிலவற்றை அகற்றிவிட்டு, ஓர் இலையாவது தன் அடிப்புறத்தைக் காட்டும்படி திருப்பி வையுங்கள். தண்டின் உயரத்துக்கும் இலையின் உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டை, இலைகளின்மேல் சிறு மடிப்புத் தாள்களை வைத்துச் சமன் செய்ய வேண்டும். ஆனால் படம் செய்வதற்காக என்றால், இலைகளையும் தண்டையும் தனித்தனியாக உலர்த்தி அட்டையில் மறுபடி கொடியாக அமைப்பதே எப்போதும் சீராக வரும்.

கிளிசரினில் ஊறவைத்தல்

அழுத்திய இலை அழகானது, ஆனால் நொறுங்கக்கூடியது. மாலைகளுக்கும் வளையங்களுக்கும் வளைந்து கொடுக்கும் இலைகள் வேண்டும். அதற்கு கிளிசரின் முறை. இலையின் நீர் இருந்த இடத்தைக் கிளிசரின் எடுத்துக்கொள்வதால், இலை உலராமலேயே பதப்பட்டு, ஆண்டுக்கணக்கில் மென்மை குன்றாமல் இருக்கிறது. முதிர்பருவ இலைகளுக்கும் சிறு கொடித் துண்டுகளுக்கும் இம்முறை மிகப் பொருத்தம்.

கிளிசரினையும் வெந்நீரையும் சம அளவில் நன்கு கலந்து, ஆறியபின் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, இலைகளை முழுவதும் அமிழ்த்துங்கள். மற்றச் செடிகளுக்குக் கிளையின் அடியை மட்டும் கரைசலில் நிறுத்துவது வழக்கம். ஐவியின் மெழுகுத் தோலுக்கும் மெல்லிய தண்டுக்கும் அது போதாது. இலைகள் மிதக்குமாதலால் ஒரு தட்டை மேலே கவிழ்த்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் இலையின் நிறம் பச்சையிலிருந்து கரும் ஆலிவுக்கோ செம்பழுப்புக்கோ முழுமையாக மாறும். நடுவில் பச்சைத் திட்டு எதுவும் எஞ்சாதபோது எடுத்து, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, துணியில் பரப்பி ஆறவிடுங்கள். பச்சை நிறமே வேண்டுமென்றால் கரைசலில் பச்சைச் சாயம் சேர்ப்பவர்கள் உண்டு. அதன் செயற்கைத் தோற்றம் எனக்கு உவப்பில்லை, அந்த இலைகளின் இயல்பான கரும்பழுப்பே கண்ணியமானது. மீந்த கரைசலை வடிகட்டிச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.

கிளிசரின் ஏறிய இலைகளைத் தாளில் ஒட்ட வேண்டாம். பசை பிடிக்காது என்பதோடு, எண்ணெய்க்கறை போன்ற வட்டம் தாளில் ஊறிப் பரவும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஈரப்பதத்தில் அவை காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கவும் செய்யும். அத்தகைய ஊர்களில் அழுத்திய இலையைக் கண்ணாடிக்குள் அடைத்து வைப்பதே மேல்.

நரம்புக் கூடு எடுத்தல்

நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் அரச இலையை நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, சதை கரைந்தபின் வலைபோன்ற நரம்புக் கூட்டை எடுப்பது வழக்கம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1860களில் இதே வேலை வீட்டுப் பெண்களிடையே பெரும் ஈடுபாடாக இருந்தது; வெளுத்த இலைக்கூடுகளைக் கொத்தாக அமைத்துக் கண்ணாடிக் குவளைக்குள் கவிழ்த்து வைத்தார்கள். ஐவியில் இதைச் செய்யலாம், ஆனால் அதன் நரம்பு வலை அரச இலையைவிட நெருடலானது. நடுமைய நரம்புகள் உறுதியாகவும் இடைவலை நொய்மையாகவும் இருப்பதால், பொறுமை இல்லாதவர்கள் வேறு இலையில் தொடங்குவது நல்லது.

விரைவான வழி சலவைச் சோடா. சமையல் சோடா அன்று. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 100 கிராம் சலவைச் சோடாவை எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து, முதிர்ந்த இலைகளை இட்டு, கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் ஒன்றரை இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. சோடா அதை அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பாதீர்கள். இலை குழைந்ததும் குளிர்ந்த நீருள்ள வெள்ளைத் தட்டில் மிதக்கவிட்டு, முதலில் மேற்புற மெழுகுத் தோலை விளிம்பிலிருந்து சாமணத்தால் உரித்து, பிறகு மென்மையான தூரிகையால் நரம்பிலிருந்து விளிம்பை நோக்கி மட்டும் தட்டித் தட்டிச் சதையை வெளியேற்ற வேண்டும். எதிர்த்திசையில் தடவினால் வலை கிழியும். சதை விடாத இலையைக் கட்டாயப்படுத்தாமல் மீண்டும் அரைமணி நேரம் சூட்டில் வையுங்கள். கிடைத்த கூட்டை ஒற்றுத்தாள்களுக்கிடையே இரண்டு நாள் அழுத்தினால் போதும்.

அமைத்தலும் ஒட்டலும் காத்தலும்

பூப்படங்களில் ஐவிக்கு உரிய பணி எலும்புக்கூட்டின் பணி. பூக்கள் கண்ணை ஈர்க்கின்றன; கண் எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்பதை இலைகளின் வரிசை தீர்மானிக்கிறது. பெரிய இலையை அடியிலும் அடுத்தடுத்துச் சிறிய இலைகளை நுனி நோக்கியும் வைத்து, ஒவ்வொரு இலையின் நடுமடலும் கொடி வளரும் திசையைக் காட்டும்படி சற்றே சாய்த்தால், தனித்தனி இலைகள் உயிருள்ள கொடியாக ஒன்றுசேரும். எல்லா இலைகளையும் ஒரே கோணத்தில் வைப்பது தாளில் அச்சிட்ட கரை போன்ற தோற்றத்தைத் தரும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஐவி பற்றுறுதியின் அடையாளமாகக் கருதப்பட்டதால் திருமண அட்டைகளில் அது மிகுதியாக இடம்பெற்றது. இன்றும் கிறிஸ்துமஸ் அட்டைகளில் ஹோலி என்னும் செடியின் இலையோடு சேர்ந்து வருகிறது. ஹோலியின் முள்ளிலை அழுத்துவதற்கு ஐவியைவிடக் கடினம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு பிவிஏ பசையைச் சிறிதளவு எடுத்து, காம்பு சேரும் முடிச்சின் அடியிலும் ஒவ்வொரு மடலின் நடுநரம்பின் அடியிலும் புள்ளியாக மட்டும் வைக்க வேண்டும். முழுப் பரப்பிலும் பசை தடவினால், காற்றின் ஈரத்துக்கேற்பத் தாளும் இலையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது இலை வெடிக்கும். ஒட்டியபின் மெழுகுத்தாள் ஒன்றை மேலே வைத்து ஓரிரவு புத்தகங்களின் எடையில் விடுங்கள். புத்தகக் குறிகளை லேமினேட் செய்ய விரும்புபவர்கள் கன்னச் சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும். துளி ஈரம் எஞ்சியிருந்தாலும் பிளாஸ்டிக்குக்குள் அது வெளியேற வழியின்றி இலை சில வாரங்களில் கறுத்துவிடும். ரெசினில் பதிப்பதற்கும் இதுவே பொருந்தும். அகன்ற மெழுகுவர்த்திகளின் வெளிப்புறத்தில் சூடான கரண்டியின் முதுகால் இலையைப் பதிக்கலாம். திரியிலிருந்து நன்கு விலகியிருந்தால் மட்டுமே அதை ஏற்றலாம், இல்லையேல் காட்சிக்கு வைத்திருங்கள்.

சட்டம் போடும்போது அமிலமற்ற அட்டையைத் தேர்ந்து, அதன் பின்னால் மெல்லிய ஃபோம் விரிப்பை வைத்து, இலை கண்ணாடியோடு ஒட்டி அழுந்தும்படி மூட வேண்டும்; அப்போதுதான் ஈரக்காலத்தில் இலை நெளியாது. பின்புறத்தை ஒட்டுநாடாவால் முழுவதும் அடைத்தால் காற்றும் பூச்சியும் நுழையா. புற ஊதாக் கதிரை வடிகட்டும் கண்ணாடி விலை கூடியது என்றாலும் அதற்கு ஈடான பயன் உண்டு. ஆனால் எந்தக் கண்ணாடியும் நேர் வெயிலிலிருந்து பச்சையத்தைக் காப்பாற்றாது, ஆகவே சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாமல் சன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டுங்கள்.

பயன்படுத்தாத இலைகளைத் தாள் உறைகளில் இட்டு, ஒவ்வோர் உறையின்மேலும் பறித்த இடம், நாள், வகை, இளம் பருவமா முதிர்பருவமா என்பதை எழுதி வையுங்கள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் தாவரவியலாளர் லூக்கா கீனி தொடங்கிவைத்ததாகக் கருதப்படும் உலர்தாவரத் தொகுப்புகள் இன்றுவரை பயன்படுவதும், லண்டனின் கியூ தோட்டத்தில் ஏறத்தாழ 70 லட்சம் உலர்மாதிரிகள் ஆய்வுக்கு உதவுவதும் இத்தகைய சிறு குறிப்புச் சீட்டுகளால்தான். நமக்கோ, எந்த மாதத்து இலை நிறம் மாறாமல் நின்றது என்பதை மறு ஆண்டு அறிவதற்கு அது உதவும். உறைகளை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமாக மூடும் பெட்டியில் வைக்க வேண்டும். உலர்ந்த இலைகளைத் துளைக்கும் சிறு வண்டுகள் வந்துவிட்டதற்கு அடையாளமாக உறையின் அடியில் நுண்பொடி கண்டால், மருந்து எதுவும் தெளிக்காமல் உறைகளைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு, -18 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வீட்டு ஃப்ரீசரில் வைத்தால் போதுமானது. வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காமல், அறையின் வெப்பத்துக்கு அது முழுவதும் திரும்பும்வரை ஒருநாள் அப்படியே வைத்திருந்து, வெளிப்புறத்தில் படிந்த நீரைத் துடைத்தபின் திறக்க வேண்டும். இல்லையேல் அந்த நீர் இலைகளின் மேலேயே படியும்.